குறைந்த விலைதான் குற்றவாளியா? நகராட்சி டெண்டர் பற்றி ஒரு பதில்

கேள்வி இது: "எங்கள் தெருவில் போன வருஷம் போட்ட தார் ரோடு ஒரே மழைக்காலத்தில் பெயர்ந்துவிட்டது. யார் குறைந்த விலை கேட்கிறார்களோ அவருக்கே வேலையைக் கொடுத்தால் இப்படித்தானே ஆகும்? நகராட்சிகள் ரிஸ்க் என்ற ஒன்றைக் கணக்கில் எடுப்பதே இல்லையா?"

எடுக்கிறார்கள். சொல்லப்போனால் அளவுக்கு மேலேயே எடுக்கிறார்கள். எந்த ரிஸ்க்கை என்பதுதான் கேள்வி. நான் பல வருஷம் நகராட்சிக் கணக்குப் பிரிவில் இருந்தவன். டெண்டர் ஃபைல் என் மேஜைக்கு வராமல் போனதில்லை. ஃபைலில் கையெழுத்துப் போட்டவருக்கு நாளைக்குத் தணிக்கைத் தடை (கணக்கை ஆய்வு செய்பவரின் ஆட்சேபணை) வருமா, லஞ்ச ஒழிப்புத் துறை வருமா, தோற்ற ஒப்பந்ததாரர் கோர்ட்டுக்குப் போவாரா என்கிற ரிஸ்க்கை நம் முறை நன்றாகவே சமாளிக்கிறது. போட்ட ரோடு நிற்குமா என்கிற ரிஸ்க்குக்கும் ஒப்பந்தத்தில் கருவிகள் இருக்கின்றன. அவற்றை எடுத்துப் பயன்படுத்தியதற்காக யாருக்கும் பாராட்டு வந்து நான் பார்த்ததில்லை. பயன்படுத்தாமல் விட்டதற்காக யாரும் மாட்டியதும் அபூர்வம். உங்கள் தெரு ரோடு பெயர்ந்தது அந்த இடைவெளியில்தான்.

தமிழ்நாட்டை வைத்தே பேசுகிறேன். இங்கே நகராட்சிக் கொள்முதலுக்கு அடிப்படை, 1998-இல் வந்த டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம். 2000 அக்டோபரிலிருந்து விதிகளோடு நடைமுறையில் இருக்கிறது. உதவிப் பொறியாளர், பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியலை வைத்து எஸ்டிமேட் போடுவார். நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, மன்றத் தீர்மானம் எல்லாம் முடிந்து டெண்டர் அறிவிப்பு வரும். 2 கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். அவசரம் என்று குறைப்பதானால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும். முடிவு பிடிக்காதவர் உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம்.

முன்பெல்லாம் அலுவலகத்தில் பூட்டுப் போட்ட டெண்டர் பெட்டி இருக்கும். கடைசி நாளன்று வாசலில் நாலைந்து பேர் சும்மா நிற்பார்கள். வெளியூரிலிருந்து கவரோடு வருகிறவரை "அண்ணே, ஒரு டீ சாப்பிடலாம் வாங்க" என்று தோளில் கை போட்டு அழைத்துப் போவார்கள். மூன்று மணி தாண்டியதும் விட்டுவிடுவார்கள். ஆன்லைன் டெண்டர் வந்த பிறகு அந்த டீக்கு வேலை இல்லாமல் போனது. ஆனால் ஊர் ஒப்பந்ததாரர்கள் தங்களுக்குள் கூடிப் பேசி, இந்த வேலை உனக்கு, அடுத்தது எனக்கு என்று பிரித்துக்கொண்டால் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? போட்டிச் சட்டம் 2002-இன்படி அப்படிக் கூட்டுச் சேர்வது சட்டவிரோதம்தான். மூன்று பேர் கேட்ட விலையும் எஸ்டிமேட்டுக்கு மேல் சொல்லி வைத்தாற்போல் 4.7, 4.8, 4.9 சதவீதம் என்று வரும்போது மேஜையில் உட்கார்ந்திருக்கிறவருக்கே புரியும். ஃபைலில் எழுத அது போதாது, அவ்வளவுதான்.

சரி, உங்கள் முக்கியமான சந்தேகத்துக்கு வருகிறேன். குறைந்த விலைக்காரருக்கே ஏன் கொடுக்க வேண்டும்? சட்டம் சொல்வது, மதிப்பீட்டில் தேறியவர்களில் குறைந்த விலை கேட்டவருக்கு. "தேறியவர்களில்" என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. பெரிய வேலைகளில் இரண்டு கவர் முறை உண்டு. முதல் கவரில் தகுதி, இரண்டாவதில் விலை. முதல் கவரில் தேறாதவரின் விலைக் கவரைத் திறக்கவே மாட்டார்கள். ஆக, யாரிடம் வேலை போகக்கூடாது என்பதைத் தீர்மானிக்கும் இடம் தகுதி நிபந்தனைதான். விலைக் கவரைத் திறந்த பிறகு "இவர் சரியில்லை" என்று சொல்ல முடியாது. பேரம் பேசுவதானாலும் குறைந்த விலைக்காரரோடு மட்டும்தான் பேசலாம்.

இந்த நிபந்தனை இரண்டு பக்கமும் வெட்டும். ரோடு வேலைக்குத் தார்க் கலவை ஆலை இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று போடுவார்கள். நியாயமான நிபந்தனை, கலவை சூடு ஆறாமல் வந்து சேர்ந்தால்தான் ரோலர் ஓட்டும்போது இறுகும். ஆனால் அந்த வட்டத்துக்குள் ஆலை வைத்திருப்பவர் ஒரே ஒருவர் என்றால், அதே நிபந்தனை அவருக்குத் தைத்த சட்டை. எது எந்த நோக்கத்தில் போடப்பட்டது என்பது காகிதத்தைப் பார்த்துத் தெரியாது. கோர்ட்டும் இதில் எளிதில் தலையிடாது. டாடா செல்லுலார் என்ற டெண்டர் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த கோடு இன்றும் நிற்கிறது: முடிவு எடுத்த விதத்தைப் பார்ப்போம், முடிவையே நாங்கள் எடுக்க மாட்டோம்.

மட்டமாக விலை குறைத்துக் கேட்பவரிடமிருந்து காப்பாற்றிக்கொள்ளவும் ஏற்பாடு உண்டு. இங்கே வழக்கமான ஒப்பந்த ஆவணங்களின்படி, எஸ்டிமேட்டைவிட 5 முதல் 15 சதவீதம் வரை குறைத்தவர் 2 சதவீதம் கூடுதல் பிணைத்தொகை கட்ட வேண்டும். 15 சதவீதத்தைத் தாண்டினால் வித்தியாசத்தில் பாதி. ஒரு கோடி எஸ்டிமேட்டை 80 லட்சத்துக்குக் கேட்டவர், வழக்கமான பிணை போக இன்னொரு 10 லட்சத்தை முடக்க வேண்டும். பாதியில் ஓடினால் அந்தப் பணம் போய்விடும். நல்ல ஏற்பாடு. விலை போட வருகிறவரை ஒரு நிமிடமாவது யோசிக்க வைக்கும்.

ஆனால் உண்மையான விளையாட்டு மொத்த விலையில் நடப்பதில்லை, உள்ளே இருக்கும் அயிட்டங்களில் நடக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாதாளச் சாக்கடை வேலை, ஒவ்வொரு அயிட்டத்துக்கும் தனி விலை கேட்கும் டெண்டர். எஸ்டிமேட்டில் பாறை உடைப்பது 50 கன மீட்டர் என்று இருக்கிறது, நியாயமான விலை கன மீட்டருக்கு 900 ரூபாய் என்று வையுங்கள். அந்தப் பகுதியில் ஏற்கெனவே குழி தோண்டிய ஒப்பந்ததாரருக்கு, கீழே பாறை 600 கன மீட்டர் இருக்கும் என்று தெரியும். அவர் பாறைக்கு 4,000 ரூபாய் போடுவார். இதனால் அவர் டெண்டர் மதிப்பு கூடுவது வெறும் 1,55,000. குழாய் பதிப்பதிலும் மண் நிரப்புவதிலும் 2 லட்சம் குறைத்துப் போட்டால் மொத்தத்தில் அவர்தான் மலிவு. வேலை நடக்கும்போது பாறை 600 வரும். ஒவ்வொரு கன மீட்டருக்கும் 3,100 ரூபாய் அதிகம், ஆக 18,60,000. குறைத்துக் கொடுத்த 2 லட்சத்தைக் கழித்தாலும் நகராட்சிக்கு நஷ்டம் 16 லட்சத்துக்கு மேல். எல்லாம் சட்டப்படி, எல்லாம் குறைந்த விலைக்காரருக்கு.

இங்கே தவறு எங்கே நடந்தது? டெண்டரில் இல்லை. மண் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காமல், பக்கத்துத் தெரு எஸ்டிமேட்டில் தெருப் பெயரை மட்டும் மாற்றிய அன்றைக்கு நடந்தது. சில ஒப்பந்தங்களில், அளவு குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் கூடினால் கூடுதல் அளவுக்குப் பட்டியல் விலைதான் என்ற ஷரத்து இருக்கும். அதைப் படித்துப் பார்த்துப் பில்லை வெட்டுகிற கணக்கர் ஒருவர் இருந்தால் அந்தப் பணம் தப்பும். பட்டியல் விலைக்கு மேல் இத்தனை சதவீதம், கீழ் இத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்கும் டெண்டரில் இந்த விளையாட்டுக்கு இடம் குறைவு. சின்ன ஊர்களுக்கு அதுவே நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம், வேலை தொடங்கிய பிறகு நகராட்சியின் ஒரே கண் அளவுப் புத்தகம்தான். எம்-புக் என்போம். பக்க எண் அச்சிட்ட புத்தகம், தாளைக் கிழிக்கக் கூடாது, அழித்து எழுதக் கூடாது. தப்பானால் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். இதில் எழுதியதற்குத்தான் பணம். 500 மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம், 30 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தெரு ரோடு என்று வையுங்கள். நீளத்தையும் அகலத்தையும் யார் வேண்டுமானாலும் டேப் பிடித்துப் பார்க்கலாம், அதில் ஏமாற்ற மாட்டார்கள். கனத்தில் 5 மில்லிமீட்டர் குறைத்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது கிட்டத்தட்ட 9 கன மீட்டர் கலவை, ஏறக்குறைய 20 டன், இரண்டு டிப்பர் லோடு. ரோட்டை ஓரிரு இடங்களில் வட்டமாக வெட்டி எடுத்து அளந்தால்தான் பிடிபடும். வெட்டி எடுக்கும் மிஷின் வாடகை, அந்த இரண்டு லோடு கலவையின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இருந்தும் பல ஊர்களில் அளவு எடுக்கப்படுவது ரோட்டின் மேல் இல்லை, மேஜையின் மேல்.

வேலை முடிந்த பிறகும் நகராட்சி கையில் ஒரு கயிறு இருக்கிறது. பில்லில் ஒரு பகுதியை, பெரும்பாலும் 5 சதவீதத்தை, பிடித்து வைப்பார்கள். குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும்வரை, அதாவது வேலையைப் பொறுத்து ஒன்றோ இரண்டோ அதற்கு மேலோ வருஷங்கள், ரோடு பெயர்ந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பிடித்து வைத்த பணத்தில் நகராட்சியே செய்துகொள்ளலாம். இதற்கு ஒரே ஒரு நிபந்தனை: அந்தக் காலத்துக்குள் யாராவது போய்ப் பார்த்து, குறையை எழுதி, நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். நான் பார்த்தவரை, பிடித்தத் தொகையைத் திருப்பித் தரும் ஃபைலில் "குறைபாடு ஏதும் இல்லை" என்ற வரி நேரில் போகாமலேயே எழுதப்படுவதுதான் அதிகம்.

வங்கி உத்தரவாதம் இன்னொரு கயிறு. ஒப்பந்ததாரர் தவறினால் நகராட்சிக்குப் பணம் தருகிறேன் என்று வங்கி எழுதித் தரும் காகிதம் அது. அதில் நான் சூடுபட்டிருக்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு நகராட்சியில் மேல்நிலைத் தொட்டி வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஒப்பந்ததாரர் காணாமல் போனார். அவர் கொடுத்த உத்தரவாதம் ஒரு வெள்ளிக்கிழமையோடு காலாவதி. ஆணையர் மீட்டிங்கில் இருந்தார், கடிதம் கையெழுத்தாகி வங்கிக்குப் போனது திங்கட்கிழமை. உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. பல லட்சம், இரண்டு நாளில் போனது. அன்றிலிருந்து ஒரு நோட்டில் எல்லா உத்தரவாதங்களின் கடைசித் தேதியையும் எழுதி, 60 நாள் முன்பே சிவப்பு மையில் வட்டம் போடுவேன். உத்தரவாதம் வந்தவுடன் அது உண்மைதானா என்று அந்த வங்கிக்கு நேரடியாக எழுதி உறுதி செய்வதையும் விட்டதில்லை. ரிஸ்க் மேலாண்மை என்று பெரிய பேர் வைத்தாலும் சின்ன நகராட்சியில் அது இந்த நோட்டுதான்.

பொருள் வாங்குவதிலும் இதே கதை. பிளீச்சிங் பவுடரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நாம் காசு கொடுப்பது உள்ளே இருக்கும் குளோரினுக்கு. மூட்டையை அடுக்கி வைத்த நாளிலிருந்தே அது குறைந்துகொண்டே போகும், ஈரமும் வெயிலும் பட்டால் வேகமாகக் குறையும். வருஷத்துக்கு வேண்டியதை மொத்தமாக வாங்கினால் கிலோவுக்கு விலை குறையும், தணிக்கையில் கேள்வியே வராது. ஆனால் ஏப்ரலில் வாங்கி ஒழுகுகிற கிடங்கில் அடுக்கிய மூட்டையை நவம்பர் மழையில் திறந்தால் தெருவில் தூவுவது முக்கால்வாசி சுண்ணாம்பு. விலையை மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை முடிவு செய்துகொண்டு, மாதாமாதம் சப்ளை வாங்கி, ஒவ்வொரு லோடிலும் சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. கிலோ விலை கொஞ்சம் கூடும். அந்தக் கொஞ்சத்தைத் தணிக்கையில் விளக்கத் தயாராக இருக்கும் சுகாதார அலுவலர் கிடைக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

எதற்குப் பணம் கொடுக்கிறோமோ அதுதான் கிடைக்கும் என்பதற்குக் குப்பையைவிடப் பெரிய பாடம் இல்லை. சென்னை மாநகராட்சி 2000-இல் மூன்று மண்டலங்களின் குப்பையை அள்ளும் வேலையை ஓனிக்ஸ் நிறுவனத்துக்குக் கொடுத்தது. அந்தக் காலத்து முறை, அள்ளும் எடைக்குப் பணம். எடைக்குப் பணம் என்றால் யாருக்குமே குப்பையைக் குறைக்கும் ஆசை வராது. மக்கும் குப்பையை வீட்டிலேயே பிரித்து வைத்தால் ஒப்பந்ததாரருக்கு நஷ்டம், கட்டட இடிபாடு வண்டியில் ஏறினால் லாபம், மழையில் நனைந்தால் இன்னும் லாபம். 2020-இல் சில மண்டலங்களை மறுபடி தனியாரிடம் கொடுத்தபோது, வீடு வீடாக வாங்குவது, பிரித்து வாங்குவது போன்ற செயல்திறன் அளவுகோல்களுக்குப் பணம் என்று மாற்றினார்கள். அளவுகோலை யார் சரிபார்ப்பது என்ற கேள்வி அப்போது அடுத்ததாக வந்து நிற்கும். அது வேறு கதை.

வேலையைத் தனியாரிடம் கொடுத்துவிட்டால் பொறுப்பும் போய்விட்டது என்று நினைக்கும் மன்ற உறுப்பினர்கள் உண்டு. போகாது. ஒப்பந்ததாரர் சம்பளம் கொடுக்காவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், இங்கே நகராட்சி, கொடுத்தாக வேண்டும் என்பது 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே இருக்கும் கோட்பாடு. அதனால்தான் விவரம் தெரிந்த கணக்கர், வைப்புநிதி கட்டிய ரசீது இல்லாமல் துப்புரவு ஒப்பந்ததாரரின் பில்லைத் தொடமாட்டார். சாக்கடைக்குள் இறங்கி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் சொன்னதை 2023-இல் 30 லட்சமாக உயர்த்தியது. ஆளை இறக்கியது ஒப்பந்ததாரர் என்று சொல்லி ஒதுங்க முடியாது. சாக்கடை அடைப்பைத் தண்ணீர் அழுத்தத்தால் எடுக்கும் ஜெட்டிங் வண்டி வாங்க நிதி இல்லை என்று ஃபைலைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இந்தத் தொகையையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

பொதுமக்களுக்கு நேரும் விபத்தில் பொறுப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு வழக்குகள் போதும். தில்லி சாந்தினி சௌக்கில் மாநகராட்சிக்குச் சொந்தமான பழைய மணிக்கூண்டு இடிந்து விழுந்து ஆட்கள் செத்தார்கள். கட்டடம் உன்னுடையது, பரிசோதித்துப் பார்க்க வேண்டியது உன் கடமை, விழுந்ததே அலட்சியத்துக்குச் சாட்சி என்று 1966-இல் உச்ச நீதிமன்றம் நஷ்டஈட்டை உறுதி செய்தது. ராஜ்கோட்டில் சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்த வழக்கில், 1997-இல் அதே நீதிமன்றம் மாநகராட்சிக்குப் பொறுப்பில்லை என்றது. எல்லா மரத்தையும் எப்போதும் கண்காணிக்கச் சொல்ல முடியாது என்பது காரணம். இரண்டுக்கும் நடுவில்தான் நம் மேல்நிலைத் தொட்டிகளும், மூடியில்லாத சாக்கடைகளும், பள்ளி மதில் சுவர்களும் நிற்கின்றன. கட்டடங்களுக்குக் காப்பீடு எடுத்த நகராட்சியை நான் அதிகம் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பொறியாளர் நடந்து பார்த்து எழுதி வைக்கும் ஒரு பக்க அறிக்கையே பாதிக் காப்பீடு.

அவசரக் கொள்முதல் பற்றிச் சுருக்கமாக: இயற்கைப் பேரிடர் போன்ற நேரத்தில் டெண்டர் இல்லாமல் வாங்கச் டெண்டர் சட்டத்தின் 16-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும் என்பது எதிர்பாராத செய்தி இல்லை. மோட்டார், ஜேசிபி, படகு வாடகையை ஆவணியிலேயே டெண்டர் விட்டு முடிவு செய்துகொண்டால், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு பேரம் பேச வேண்டாம்.

ஒன்றை மட்டும் ஒப்பந்ததாரர் பக்கமிருந்தும் சொல்ல வேண்டும். அவருக்குப் பெரிய ரிஸ்க் நகராட்சிதான். வேலை முடித்து ஆறு மாதம், ஒரு வருஷம் பில் வராமல் கந்து வட்டிக்கு வாங்கி ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்த வட்டி அடுத்த டெண்டர் விலையில் ஏறும், அல்லது கனத்தில் 5 மில்லிமீட்டராக இறங்கும். நேர்மையாக வேலை செய்கிறவர் இரண்டு முறை பார்த்துவிட்டு வேறு துறைக்குப் போய்விடுவார். மிச்சமிருப்பவர்களில் குறைந்த விலைக்காரர்தான் உங்கள் தெருவுக்கு வருகிறார். பில்லை 45 நாளில் கொடுக்கும் ஊரில் டெண்டருக்கு வரும் ஆட்களே வேறு.

இனி உங்கள் ரோட்டுக்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பணி ஆணை, ஒப்பந்தம், எம்-புக் பக்கங்கள், தரப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் நகல் கேளுங்கள். அந்தச் சட்டத்தின் 2-ஆவது பிரிவில் வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளித்த மாதிரியை எடுக்கவும்கூட உரிமை இருக்கிறது. அதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு. பணி முடிந்த தேதியையும் குறைபாட்டுப் பொறுப்புக் காலத்தையும் கூட்டி, கடைசித் தேதியைக் கண்டுபிடியுங்கள். போன வருஷம்தான் போட்டது என்றால் பெரும்பாலும் இன்னும் முடிந்திருக்காது. பெயர்ந்த இடங்களைத் தேதியோடு போட்டோ எடுத்து, "பிடித்தத் தொகையை விடுவிக்கும் முன் கள ஆய்வு செய்யவும்" என்று ஆணையருக்கு எழுதி, ஒரு நகலை உள்ளாட்சி நிதித் தணிக்கை அலுவலகத்துக்கும் அனுப்பி வையுங்கள். நேரில் கொடுத்தால் தபால் பிரிவின் முத்திரை இல்லாமல் திரும்ப வேண்டாம்.